குறி தப்பினா யார் மேல தப்பு? பழைய டார்கெட் ஏர் ரைஃபிள்கள் பற்றி

மெரினாவில் பலூன் சுட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். பத்து ரவையில் ஏழு பலூன் உடைந்தால் நம்ம குறி நல்ல குறி. இரண்டுதான் உடைந்தது என்றால் அவன் துப்பாக்கி சரியில்லை. 'சைட்டை வளைச்சு வெச்சிருக்கான் சார்' என்று பக்கத்தில் நிற்பவர் ஆறுதலும் சொல்வார். கடைக்காரர் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். பலூன் கடை ஓடுவதே இந்தக் குழப்பத்தில்தான் என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் எண்ணம். தப்பு யார் மேல என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டால் ஒன்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம், இல்லை வெட்கப்பட்டு நகர்ந்துவிடுவோம். இரண்டாம் தடவை காசு கொடுக்க மாட்டோம்.

போன ஒரு வருஷமாகப் பழைய டார்கெட் ஏர் ரைஃபிள்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். 1960, 70களில் ஜெர்மனியில் செய்யப்பட்ட போட்டித் துப்பாக்கிகள். ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ், டயானா 75, ஆன்ஷுட்ஸ் 250, வால்தர் எல்ஜிஆர் என்று ஒரு வரிசை. இவை பெரிய போட்டிகளை விட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் தேடி வாங்குகிறார்கள், பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள், பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டையை மாட்டி ராத்திரி ராத்திரி சுடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வருகிற பதில்கள்தான் எனக்குத் திருப்தியாக இல்லை.

வால்நட் மரம், கெட்டி இரும்பு, அந்தக் காலத்து வேலைப்பாடு என்பார்கள். டயானா 75-ஐப் பிரித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். வெளியே பார்க்க தேர் மாதிரி இருக்கும். உள்ளே பிஸ்டன் தலையில் இருக்கிற செயற்கை சீல், யாரும் தொடாமலே பொடிப்பொடியாக உதிர்ந்து கிடக்கும். அந்தக் காலத்து வேலைப்பாட்டில் அதுவும் சேர்த்திதான். இன்னும் அதே துல்லியம் என்பது அடுத்த பதில். உண்மை. நல்ல நிலையில் இருக்கிற ஒரு 300 எஸ் பத்து மீட்டரில் ரவை மேல் ரவையாக ஒரே ஓட்டையில் போடும். ஆனால் இன்றைய துப்பாக்கியும் அதைத்தானே செய்கிறது? ரெண்டுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் காட்டி ஒன்றை மட்டும் ஏன் பிடிக்கிறது என்று விளக்க முடியாது. இப்போ யாரும் இப்படிச் செய்றதில்லை என்ற மூன்றாவது பதிலைப் பதில் என்றே நான் எடுத்துக்கொள்ளவில்லை. டெலக்ஸ் மெஷினைக்கூடத்தான் இப்போ யாரும் செய்வதில்லை.

எனக்குத் தோன்றுகிற காரணம் வேறு. அதைச் சொல்ல எங்கள் வீட்டுத் துப்பாக்கியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெரியப்பா ஐசிஎஃபில் ஃபிட்டராக இருந்தவர். பெரம்பூரில் பேப்பர் மில்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. 1978-ல் மூர் மார்க்கெட்டில் (அது 1985-ல் எரிந்துபோவதற்கு ஏழு வருஷம் முன்னால்) செகண்ட் ஹேண்டாக ஓர் ஏர் கன் வாங்கினார். இந்தியன் ஹியூம் பைப் கம்பெனி செய்தது. ஐஹெச்பி என்று சொல்வார்கள். வால்சந்த் ஹீராசந்த் 1926-ல் தொடங்கிய பம்பாய்க் கம்பெனி. சிமென்ட் குழாய்க்குப் பேர்போனது, ரயில் பாதைக்குக் கான்கிரீட் ஸ்லீப்பரும் போட்டுக் கொடுத்தது. குழாய்க் கம்பெனி எப்படித் துப்பாக்கி செஞ்சுது என்று கேட்டால் பெரியப்பா, 'ரெண்டும் பைப்புதானடா' என்பார்.

பாதி உண்மை. ஏர் ரைஃபிள் என்பது ஒரு குழாய், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். குழலை மடக்கினால் ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னால் போய் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். ட்ரிகரை இழுத்தால் கொக்கி விடும், பிஸ்டன் முன்னால் பாயும், எதிரே இருக்கிற காற்று நசுங்கிச் சூடாகி ரவையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிஸ்டன் தலையில் தோல் வாஷர் ஒன்று இருக்கும், காற்று பக்கவாட்டில் ஒழுகாமல் இருக்க. சைக்கிள் பம்பு வாஷர் மாதிரிதான். பெரம்பூரை ஒட்டிய செம்பியத்தில் 1949-லிருந்து இந்தியா பிஸ்டன்ஸ் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குப் பிஸ்டன், ரிங், சிலிண்டர் என்கிற வார்த்தைகள் சாப்பாட்டு வார்த்தை மாதிரி. அதனாலோ என்னவோ, எங்கள் தெருவில் அந்தத் துப்பாக்கியை யாரும் ஆயுதமாகப் பார்க்கவில்லை. இன்னொரு மெஷினாகத்தான் பார்த்தார்கள். வாஷர் தேய்ந்தால் பெரியப்பாவே தோல் வெட்டி, விளக்கெண்ணெயில் ரெண்டு நாள் ஊறவைத்துப் போட்டுவிடுவார். ஒருதரம் அவர் இல்லாதபோது நான் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டுச் சுட்டேன். எண்ணெய் உள்ளேயே பற்றிக்கொண்டு 'டமார்' என்று சத்தம், குழல் வாயில் புகை. டீசல் எஞ்சின் வேலை செய்கிற அதே தத்துவம். எனக்கு ஒரே குஷி. பெரியப்பா வந்து, 'ஸ்பிரிங்கு போச்சுன்னா உங்கப்பன் குடுப்பானா?' என்றார்.

மொட்டை மாடியில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பழைய டெலிபோன் டைரக்டரி நாலைந்தை மரப்பெட்டிக்குள் அடுக்கி அதன்மேல் அட்டையை ஒட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது ரவை, அதற்கு மேல் கிடையாது. சுட்டு முடித்ததும் ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதுவார். தேதி, எத்தனை ரவை, எங்கே விழுந்தது. கடைசியில் ரெண்டு கட்டம்: கன்னு, கை. தப்பிப்போன ஒவ்வொரு ரவைக்கும் ரெண்டில் ஒரு கட்டத்தில் டிக் போடுவார். தொழிற்சாலையில் பார்ட் ரிஜெக்ட் ஆனால் காரணம் எழுதுகிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். 'கன்னு' கட்டத்தில் நிறைய டிக் இருக்கும்.

அதில் பொய் இல்லை. ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒரு கோளாறு உண்டு, அது யார் செய்தாலும் உண்டு. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் நசுங்கிய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் ஓர் இழுப்பு இழுக்கும். இந்த ரெண்டு ஆட்டமும் ரவை குழலை விட்டு வெளியே வருவதற்குள் நடந்துவிடுகிறது. மொத்தம் நூறில் ஒரு பங்கு நொடி அளவுதான். அதாவது நீங்கள் எவ்வளவு சரியாகக் குறி பார்த்தாலும், ட்ரிகரை எவ்வளவு மெதுவாக இழுத்தாலும், அதற்கப்புறம் துப்பாக்கி தானாக ஒரு முடிவு எடுக்கிறது. தோளிலும் கையிலும் எந்த அளவு இறுக்கமோ அதைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி குதிக்கும். அதனால்தான் பெரியப்பா கட்டையை இறுக்கிப் பிடிக்க விடமாட்டார். 'கொழந்தைய தூக்குற மாதிரி உள்ளங்கைல உக்கார வை' என்பார். அப்படியும் அட்டையில் விழுந்த ரவையைப் பார்த்து இது என் தப்பா, அதன் தப்பா என்று சத்தியம் பண்ண முடியாது. பலூன் கடைக்காரர் போல எங்கள் துப்பாக்கி ஏமாற்றவில்லை. ஆனால் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் வாய் குழறும்.

இனி ஜெர்மனிக்குப் போகலாம். ஓபர்ன்டார்ஃப் நெக்கர் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர், மவுசர் துப்பாக்கி பிறந்த இடம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படை மவுசர் ஆலையைக் கழற்றி எடுத்துவிட்டது. ஜெர்மனியில் ஏர் கன் செய்வதற்குக்கூடச் சில வருஷம் தடை இருந்தது. மவுசரில் வேலை பார்த்த இரண்டு இன்ஜினியர்கள், கார்ல் வெஸ்டிங்கரும் எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கரும், தொடங்கிய பட்டறைதான் ஃபைன்வெர்க்பாவ். பெயருக்கு நுண்வேலைப் பட்டறை என்று அர்த்தம் கொள்ளலாம். 60களின் தொடக்கத்தில் அவர்கள் 150 என்ற ரைஃபிளைக் கொண்டுவந்தார்கள்; அதன் வழியில் 70களில் வந்தது 300 எஸ்.

அந்த இருபது வருஷம் ஜெர்மன் கம்பெனிகள் எல்லாம் மல்லுக்கட்டியது ஒரே பிரச்சினையோடுதான். மேலே சொன்ன அந்தக் குதி. வால்தர் எல்ஜிவியும் வைராஹ் ஹெச்டபிள்யூ 55-ம் எளிய வழியில் போயின. துப்பாக்கியைக் கனமாக்கிவிட்டால் குறைவாகக் குதிக்கும், அவ்வளவுதான். ஆன்ஷுட்ஸ் 250 எண்ணெயை வைத்து அதிர்ச்சியை அமுக்கப் பார்த்தது. ராஸ்டாட் ஊரின் டயானா செய்ததுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமானது. குர்ட் கீஸ் என்ற வடிவமைப்பாளர் ஒரு பிஸ்டனுக்கு எதிராக இன்னொரு பிஸ்டனை வைத்தார். முன்னால் போவது காற்றை நசுக்கும், பின்னால் போவது சும்மா எதிர் எடை. ரெண்டையும் பற்சக்கரத்தால் இணைத்து ஒரே நேரத்தில் விட்டால் இரண்டு உதையும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். காகிதத்தில் பார்க்கும்போது கைதட்டத் தோன்றும். ஆனால் சக்கரத்தில் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் முடிந்தது கதை. பிரித்தவர்கள் எல்லாருமே அதற்கென்று தனிக் கருவி செய்துகொண்டுதான் பிரித்திருக்கிறார்கள்.

ஃபைன்வெர்க்பாவ் வழி வேறு. குதிப்பதைத் தடுக்கவே வேண்டாம், குதிக்கட்டும். ஆனால் மரக்கட்டைக்கு அது தெரிய வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். குழல், சிலிண்டர், சைட்டு எல்லாம் சேர்ந்த இரும்புப் பகுதி மரக்கட்டைக்குள் ஒரு தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பக்க லீவரை இழுத்துக் காக் பண்ணும்போது அது ஒரு பூட்டில் மாட்டும். ட்ரிகரை இழுத்ததும் பிஸ்டனோடு சேர்த்து அந்தப் பூட்டும் விடுபட்டு, இரும்புப் பகுதி முழுக்கச் சில மில்லிமீட்டர் பின்னால் சறுக்கும். குழல் நேர்கோட்டில் பின்னால் போகிறது, மேலேயோ பக்கத்திலோ திரும்புவதில்லை. தோளுக்கு ஒன்றும் தெரியாது. பிஸ்டனில் தோலுக்குப் பதில் இரும்பு ரிங், செம்பியத்தில் காட்டினால் உடனே அடையாளம் தெரியும். முன்னால் இருக்கிற பஃபர் மட்டும் ஐம்பது வருஷத்தில் உதிரலாம், மாற்றிக்கொள்ளலாம்.

கெட்டிக்காரத்தனம் என்று பார்த்தால் டயானா. புத்திசாலித்தனம் என்று பார்த்தால் ஃபைன்வெர்க்பாவ். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாவது பிரச்சினையை ஜெயிக்கப் பார்க்கிறது, இரண்டாவது வழிவிடுகிறது.

சில வருஷம் முன்பு ஒரு முன்னாள் போட்டியாளர் வீட்டில் 300 எஸ் ஒன்றைச் சுடக் கிடைத்தது. முதலில் தெரிவது எடை, ஏறக்குறைய ஐந்து கிலோ. போட்டி விதி ஐந்தரை கிலோ வரைக்கும் அனுமதிக்கிறது. வேகம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 7.5 ஜூல்தான் வரம்பு, அந்த அளவை ஒட்டித்தான் இவையெல்லாம். நம்ம ஊரில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலில் 20 ஜூல் வரைக்கும் உரிமம் தேவையில்லை. அந்த ஐந்து கிலோ யந்திரம் நம் சட்டம் அனுமதிப்பதில் பாதிகூடச் சக்தி இல்லாதது. சத்தமும் கதவுத் தாழ்ப்பாள் விழுகிற மாதிரிதான்.

முதல் ரவை எட்டில் விழுந்தது. இடது பக்கம், கொஞ்சம் கீழே. எனக்கு உடனே தெரிந்தது: ட்ரிகரை இழுத்த அந்த நேரத்தில் மூச்சை விட்டுவிட்டேன். தெரிந்தது என்றால் ஊகமில்லை. துப்பாக்கி என் கையில் கொஞ்சமும் அசையவில்லை, சைட்டில் நான் கடைசியாகப் பார்த்தது எங்கேயோ அங்கேதான் ஓட்டை. இரண்டாவது ஒன்பது. அதுவும் எங்கே தப்பினேன் என்று தெரிந்தது. முப்பது வருஷமாகப் பெரியப்பா துப்பாக்கியில் சுட்டு, ஒருமுறைகூட இவ்வளவு நிச்சயமாக என் தப்பு எனக்குத் தெரிந்ததில்லை. கன்னு, கை என்ற ரெண்டு கட்டத்தில் ஒரு கட்டத்தையே அடித்துவிட்ட மாதிரி இருந்தது. சங்கடமாகவும் இருந்தது, விட முடியாமலும் இருந்தது. நாற்பது ரவை சுட்டேன். அவர் டீ கொண்டுவந்து வைத்து அது ஆறிப்போய்விட்டது.

இதுதான் நான் சொல்ல வந்தது. இந்தத் துப்பாக்கிகள் மேல் உள்ள பிடிப்பு மரத்துக்காகவோ பழமைக்காகவோ இல்லை, தன் தப்பைத் தானே கழித்துக்கொண்டு நம் தப்பை மட்டும் அட்டையில் வைக்கிற ஒரு நேர்மைக்காக. பலூன் கடைக்கு நேர் எதிர்.

சரி, அப்படியானால் இன்றைய துப்பாக்கி இன்னும் நேர்மையானதுதானே, அதை விட்டுவிட்டுப் பழசை ஏன் தேட வேண்டும்? நியாயமான கேள்வி. 1974-ல் வால்தர் எல்ஜிஆர் வந்தபோதே ஸ்பிரிங்கின் கதை முடிய ஆரம்பித்துவிட்டது. லீவரை ஒரு தடவை இழுத்துக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்துவிடுகிறது, சுடும்போது வால்வு மட்டும் திறக்கும். குதிப்பதற்கு உள்ளே பாய்கிற பிஸ்டனே இல்லை. அதற்கும் பிறகு 90களில் காற்று நிரப்பிய சிலிண்டர் பரவியது. கையால் இழுக்கவும் வேண்டாம். சறுக்குகிற தண்டவாளமும் எதிர்ப் பிஸ்டனும் தீர்த்த பிரச்சினையே காணாமல் போய்விட்டது. பிரச்சினை போனபின் தீர்வு மட்டும் தனியாக நிற்கிறது, தண்ணி வற்றிய ஏரியில் மதகு நிற்கிற மாதிரி. அதன் அழகு இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது என்று ஒரு ரசிகராக நான் சொல்லலாம். ஆனால் அது ரசனை. கேள்விக்குப் பதில் இல்லை.

பதில் என்று பார்த்தால் எனக்கு ரெண்டு விஷயம் தோன்றுகிறது. ஒன்று ரொம்பச் சாதாரணம். சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு. பத்து, இருபது வருஷம் என்று கம்பெனியே போட்டுத் தருகிறது, தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு என்று போட்டி விதியும் சொல்கிறது. நிரப்ப ஒரு பெரிய சிலிண்டரோ கம்ப்ரசரோ வேண்டும். விலை லட்சக்கணக்கில். 300 எஸ்ஸுக்கு உங்கள் கை போதும். அதை எடுத்து வைத்துவிட்டு அஞ்சு வருஷம் கழித்து எடுத்தாலும் அதே துப்பாக்கி.

இன்னொன்று சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டம். அபினவ் பிந்த்ரா கதையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். 2004 ஏதென்ஸில் அவர் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்கு வந்து ஏழாவதாக முடித்தார். அவர் நின்று சுட்ட இடத்தில் தரை ஓடு ஆடிக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. ஊருக்குத் திரும்பி ஆடும் ஓட்டின் மேல் நின்றும் பயிற்சி எடுத்தார். 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன் சைட்டைச் சரிபார்க்கச் சுட்ட ரவை நாலில் போய் விழுந்தது. ஒலிம்பிக் இறுதிக்கு வந்த ஒருவர் நாலு சுடுவதாவது! துப்பாக்கியின் சைட்டு எப்படியோ நகர்ந்திருக்கிறது. சில நிமிஷத்துக்குள் அவர் இது கை இல்லை, கன்னு என்று தீர்மானித்துச் சைட்டைத் திருப்பினார். இறுதியில் 104.5 சுட்டு, மொத்தம் 700.5, தங்கம். உலகத்திலேயே மிகச் சிறந்த கருவியைக் கையில் வைத்திருந்தவருக்கும் வாழ்க்கையின் முக்கியமான பத்து நிமிஷத்தில் வந்த கேள்வி பெரியப்பா நோட்டில் இருக்கிற அதே கேள்விதான். கருவி எவ்வளவு உயர்ந்தாலும் அது போவதில்லை. ஆனால் கருவி மூடிய பெட்டியாக இருந்தால் பதில் தேட இன்னொருத்தரிடம் போக வேண்டும். 300 எஸ்ஸில் நாமே பிரித்துப் பார்க்கலாம். பழசைத் தேடுபவர்கள் தேடுவது இந்த உரிமையை என்று நினைக்கிறேன்.

யாருக்கு அந்த உரிமை என்பதும் இருக்கிறது. பெரம்பூருக்குக் குறி பார்ப்பது புதுசு இல்லை. பெரம்பூர் பாரக்ஸ் ரோடு, பட்டாளம் என்று பேரிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்குச் சொந்தமாக ரயில்வே ரைஃபிள்ஸ் என்ற துணைப்படையே இருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான் பெரும்பாலும் அதில். லோகோ ஷெட்டில் கரி அள்ளினவர் கையில் யாரும் துப்பாக்கி கொடுக்கவில்லை. இன்றைக்குக் காசு அந்த வேலையைச் செய்கிறது. 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம் செரியன் நகர்ப் பெண், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். விரல் நுனியில் அரை மில்லிமீட்டரைக் கணக்குப் பண்ணுகிற பிள்ளைகள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. பத்து மீட்டர் அட்டையின் நடுப்புள்ளியும் சரியாக அரை மில்லிமீட்டர்தான். கேரம் போர்டு வாங்க முடிகிறது, அதனால் கேரம்.

'விண்டேஜ்' என்ற வார்த்தைமேல் எனக்குள்ள கோபமும் இங்கேதான் வருகிறது. பெரியப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. துப்பாக்கியை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டார். சேகரிக்கிற ஒருவரிடம் போட்டோ அனுப்பினேன். 'இந்தியன் மேக்கா? வேணாம் சார்' என்று பதில். காயலான் கடையில் இரும்பு விலை சொன்னார்கள், மரக்கட்டையைக் கழித்து. அதே வயசு, ஓபர்ன்டார்ஃபில் பிறந்தால் விண்டேஜ், பம்பாயில் பிறந்தால் பழசு. இருந்தாலும் நான் நம்ம சரக்குக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. 300 எஸ்ஸோடு எங்கள் ஐஹெச்பியை வைத்துப் பார்த்தால் அது மோசமான துப்பாக்கி. ட்ரிகர் கல் மேல் கல்லை இழுக்கிற மாதிரி இருக்கும். சேகரிப்பவர் தரத்தை வைத்து வேண்டாம் என்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அவர் தரத்தைக் கேட்கவேயில்லை, ஊரைத்தான் கேட்டார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நம் நாட்டில் ஏர் கன் என்றால் முக்கால்வாசி அட்டைக்காக இல்லை, பறவைக்காக. 2021 மார்ச்சில் அருணாசலப் பிரதேசத்தில் ஏர் கன்களை ஒப்படைக்கச் சொல்லி இயக்கமே நடத்தினார்கள், ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல காரியம். நானும் பன்னிரண்டு வயசில் மாடியிலிருந்து ஓர் அணிலைச் சுட்டிருக்கிறேன். பட்டுவிட்டது. பெரியப்பா அடிக்கவில்லை, துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, ஒரு வருஷம் அவரும் தொடவில்லை. டார்கெட் ரைஃபிள் இந்த விஷயத்தில் கொஞ்சம் சுத்தமானது. ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு, ஊசிமுனை ஓட்டை வழியாகப் பார்த்து, அசைகிற எதையும் சுட முடியாது. அது அட்டைக்கு மட்டுமே லாயக்கு.

நோட்டுக்கு வருகிறேன். பெரியப்பா ரிடையர் ஆகிச் சில வருஷம் கழித்து 'கன்னு' கட்டத்தில் டிக் கூடிக்கொண்டே போனது. வாஷர் மாற்றினார். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று வேறு தேடிப் போட்டார். குழலின் பின் தேய்ந்திருக்கும் என்று அதையும் மாற்றினார். அப்படியும் அட்டையில் ரவை சாஸர் அகலத்துக்குச் சிதறிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, 'நீ அஞ்சு போடு பாக்கலாம்' என்றார். போட்டேன். அஞ்சும் ஒரு நாலணாவுக்குள் விழுந்தன. மறுபடியும் போடச் சொன்னார். அதே மாதிரி. அட்டையைக் கழற்றிக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். 'கன்னு நல்லாத்தான் இருக்குது' என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று ஒரு வருஷமாக வீட்டில் எல்லாரும் சொல்லியும் போகாதவர், அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு நோட்டில் புதுப் பக்கம் ஆரம்பிக்கிறது. கோடு போட்டு மூணு கட்டம். கன்னு, கண்ணு, கை. புதுக் கட்டத்தில் முதல் மாசம் நாலு டிக், அதற்கப்புறம் இல்லை. 'கன்னு' கட்டம் கடைசி வரைக்கும் காலி. வருஷம் போகப் போகக் 'கை' கட்டத்தில் மட்டும் டிக் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அவர் இருபது ரவையைப் பத்தாகக் குறைத்திருக்கிறார், பிறகு ஐந்தாக.

துப்பாக்கி இப்போது என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் புது வாஷர் வெட்டி விளக்கெண்ணெயில் போட்டிருக்கிறேன். டெலிபோன் டைரக்டரிதான் எங்கேயும் கிடைக்க மாட்டேன் என்கிறது.